வெறும் சில்லிலும் இரட்டைப் பள்ளம்

1

"…இனிமே இவ என் ஸ்டூடண்ட்னு நான் சொல்லிக்கக் கூடாது, இவளோட வாத்தியார் நான்னுதான் சொல்லிக்கணும், ஸ்வாமிதா. கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க, அச்சுக்குப் போகப்போகுது. அது வந்தா ஜெர்மனி. அங்க போன பிறகு நம்மளையெல்லாம் இவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது" என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டே, என் மகளின் ஆராய்ச்சி வழிகாட்டியான சார் என் தட்டில் இன்னொரு தேங்காய் உருண்டையை வைத்தார்.

பிஜோயா என்று இங்கே ஒரு வழக்கம். துர்கா பூஜை முடிந்து, சிலையை ஆற்றில் கரைத்த பிறகு, சின்னவர்கள் பெரியவர்களின் வீடு தேடிப் போய்க் காலைத் தொட்டு வணங்க வேண்டும். பெரியவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து, வாயில் இனிப்பைத் திணிக்க வேண்டும். கோபதாபம் எதுவானாலும் அன்றைக்குத் தள்ளிவைத்துவிடுவார்கள். கசப்பான சொல் ஒன்றுகூட வராது.

லேக் கார்டன்ஸில் அவருடைய மாடி வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். சாரின் அண்ணன், அக்கம்பக்கத்தார், சாருடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். எல்லோரும் என் மகளைப் பார்த்துச் சிரித்தார்கள். சார் பெருமையாகச் சொன்ன அந்தக் கட்டுரையின் கண்டுபிடிப்பு உண்மையில்லை என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று என் மகள் இசக்கி. இன்னொன்று நான். தேங்காய் உருண்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

2

என்னைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் ஊரில் வாசிப்பவர்கள் யாருடா இவன் என்பார்கள். கந்தசாமி. சாருக்கு ஸ்வாமிதா; 'தா' என்றால் இங்கே அண்ணன். தூத்துக்குடிக்காரன். கொல்கத்தா துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்சார வேலை. பெரிய படிப்பு இல்லை. பாதி, ஷாக் அடித்துக் கற்றது. மீதி, மனிதர்கள் வாயைப் பார்த்துக் கற்றது. யார் என்ன சொன்னாலும் எனக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும். என்னோடு வேலை பார்க்கும் நிமாய்தா சொல்வார்: "பாரத்தைத் தூக்கும்போது எவனும் பயப்படுவான், இறக்கும்போது பயப்படுறவன்தான் கிரேன்காரன்." இப்படி ஒரு நாளைக்கு ஒன்று கிடைத்தால் எனக்குப் போதும், சம்பளமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. இப்போது சொல்வதில்லை. முழங்காலும் தோளும் தினமும் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நான் இந்த ஊரில் வந்து இறங்கியதும் ஒரு பிஜோயா அன்றுதான். ஹௌரா ஸ்டேஷனுக்கு வெளியே லாரி லாரியாக ஆட்கள், மேளம், பெண்கள் முகமெல்லாம் சிவப்பு. ஏதோ வெட்டுக்குத்து என்று பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். டீ விற்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, இந்தியில் சொன்னார்: "குங்குமம்தான், பயப்படாதே. எங்க மக துர்கா பிறந்த வீட்டுக்கு வந்துட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போறா. நாங்க அழ வேண்டியதை ஆடித் தீத்துக்கிறோம்." இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த நாள் வந்தால் அந்த ஆளின் முகம் வரும். அவருக்கு என் முகம் வருமா என்ன.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். வாடகை வீடு டாக்குரியாவில். ஜன்னல் பக்கம் லோக்கல் ரயில் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். ஊரில் விருந்துக்குப் போனால்கூட நானும் என் மனைவி பேச்சியும் நடுநடுவே காரணமில்லாமல் நிறுத்துகிறோமாம். என் அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

அவன் சிரிக்க இன்னொன்றும் கிடைத்தது. வங்காளத்தில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் சிகரெட்டுக்கும் ஒரே சொல்தான், எல்லாம் 'சாப்பிடுவது'. போன முறை ஊருக்குப் போனபோது, "வெயிலாருக்கு, கொஞ்சம் தண்ணி சாப்பிட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஏ, வங்காளத்தானுக்கு ஒரு எலையப் போட்டுத் தண்ணிய ஊத்துங்கட்டி" என்றான். அங்கே நான் வங்காளத்தான், இங்கே மாட்ராஜி, மதராஸ்காரன்.

3

பெயர் விஷயத்தைக் கேளுங்கள். மகளுக்கு எங்கள் குலதெய்வத்தின் பெயர், இசக்கியம்மாள். இங்கே எந்த அலுவலகத்திலும் முதல் கேள்வி, "சர்நேம் எங்கே?" எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, முதலெழுத்துத்தான் உண்டு என்றால், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார்கள். பள்ளியில் என் பெயரை அவள் சர்நேம் ஆக்கினார்கள். கல்லூரியில் 'அம்மாள்' சர்நேம் ஆனது. ஆராய்ச்சிக்குச் சேரும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நானும் அவளும் கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்கினோம். ஒரு குமாஸ்தா ரொம்பப் பரிவாகச் சொன்னார், "ஏன் சிரமம், கல்யாணம் பண்ணி வச்சிருங்க, புதுசா ஒண்ணு வந்துரும்."

சால்ட் லேக்கில் அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் 'ஈஷாதி', ஈஷா அக்கா. போனில் அவள் சிரிப்பதை வைத்து மறுபக்கம் யார் என்று முன்பெல்லாம் சொல்லிவிடுவேன். இப்போது முடியவில்லை. அவள் பேசும் வங்காளம் என் வங்காளத்துக்கு எட்டாத மாடியில் இருக்கிறது. தமிழ் பேசினால் நாலு சொல்லுக்கு ஒரு தடவை 'மானே' வருகிறது. 'அதாவது' என்பதற்கு அவர்கள் சொல். "சினிமாக்காரன் பாடுத மாதிரி எதுக்குட்டி மானே மானேங்க" என்று பேச்சி ஆரம்பத்தில் திட்டினாள். இப்போது பேச்சியே சொல்கிறாள்.

ஆனால் அவள் வேலையை மட்டும் எனக்குத் தமிழில்தான் சொல்லுவாள். அது எங்களுக்குள் ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பொரியில் வெங்காயம் நறுக்கிப் போடுவேன், அவள் சொல்லுவாள்.

"அப்பா, நான் பாக்குத இந்தச் சில்லு இருக்குல்ல, மானே, பிஸ்மத்தும் செலினியமும் சேந்த ஒரு கல்லு. இதுக்கு உள்ள கரண்ட் போகாது. மேல் தோல்ல மட்டும் போகும்."

"உள்ள ரப்பரு, வெளிய செம்பா? அப்ப நாங்க இத்தன வருசமா வயரத் தலைகீழா போட்டுட்டு இருக்கமா?"

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க. இன்னொண்ணு கேளுங்க. தோல உரிச்சுட்டா, அடியில இருக்கது தோலாயிரும். ரெண்டா வெட்டினா, வெட்டின இடமும் தோலாயிரும். அங்கயும் கரண்ட் போகும்."

அன்றைக்கு முழுக்க கிரேன் கேபிளைத் தொடும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்பு. வெட்டின இடமும் தோலாகிவிடுமாம்.

அந்தத் தோலில் போகிற எலெக்ட்ரானுக்கு ஒரு சட்டம் உண்டு என்றாள். இந்தப் பக்கம் போகிறது ஒரு சுழற்சி, அந்தப் பக்கம் போகிறது எதிர்ச் சுழற்சி. சுழற்சியை மாற்றாமல் திரும்ப முடியாது. நான் எனக்குப் புரிகிற மாதிரி, யூ-டர்ன் இல்லாத ரோடு என்று வைத்துக்கொண்டேன். "கரெக்ட்" என்றாள். "அந்த ரோட்டுல காந்தம்தான் போலீஸ் சார்ஜண்ட். ரோட்டுல எறங்கக்கூட வேண்டாம். பிளாட்பாரத்துல வெள்ள டிரஸ்ஸ போட்டுட்டு நின்னாலே போதும், சட்டம் மாறிரும்." அதாவது, சில்லின் மேல் காந்தத் தன்மையுள்ள ஒரு மெல்லிய படலத்தைப் பூசினால், அந்தக் காந்தம் சில்லுக்குள் நுழையாமலே, பக்கத்தில் இருப்பதாலேயே, தோலில் ஓடும் எலெக்ட்ரானின் நடத்தை மாறுமா என்பதுதான் அவள் ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படிப் பார்ப்பார்கள்? சில்லைப் பயங்கரமாகக் குளிர வைத்து, வெளியிலிருந்து ஒரு பெரிய காந்தத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் கூட்டிக் குறைத்து, திரும்பவும் கொண்டுவந்து, கரண்டுக்கு எவ்வளவு தடை என்று அளப்பார்கள். வெறும் சில்லில், வெளிக்காந்தம் பூஜ்யமாகும் இடத்தில் தடை சட்டென்று குறையும். கோட்டில் ஒரே ஒரு பள்ளம். படலம் பூசிய சில்லில், போகும்போது ஓரிடத்தில் பள்ளம், வரும்போது வேறிடத்தில் பள்ளம். இரட்டைப் பள்ளம் வந்தால், படலத்தின் காந்த ஞாபகம் தோலுக்கு ஒட்டிக்கொண்டது என்று பொருள். வந்தது. அன்றைக்கு மிஷ்டி, இங்கத்து இனிப்பு, வாங்கிக்கொண்டு வந்தாள். பள்ளங்கள் மட்டும் வழக்கமாக வரவேண்டிய பக்கத்தில் வராமல் எதிர்ப்பக்கத்தில் வந்தன. அதற்கு சார் புதிதாக ஒரு விளக்கம் சொன்னார். அந்த விளக்கம்தான் கட்டுரையின் உயிர். ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் மேல் ஆராய்ச்சிக்கு இவளைக் கூப்பிட்டதும் அதைப் பார்த்துத்தான்.

4

பூஜை விடுமுறையில் நிலையம் காலி. மிஷினில் முறை கிடைப்பது மற்ற நாளில் ரேஷன் கடை வரிசை மாதிரி. பூஜைக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். இசக்கி போனாள். தீசிஸில் வெறும் சில்லின் படம் ஒன்று பழசாக, மங்கலாக இருந்ததாம். அதைப் புது மிஷினில் அழகாக எடுத்துவிடலாம் என்று போனவள்தான்.

அடுத்த நாளும் போனாள். மூன்றாம் நாள் காலையில், அதாவது பிஜோயா அன்று, தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"வெறும் சில்லுலயும் ரெட்டைப் பள்ளம் வருதுப்பா" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. "நல்லதுதான?" என்றேன்.

"படலமே இல்ல. ஞாபகம் வச்சுக்கிட அங்க ஒண்ணுமே இல்ல. பெறவு எப்படி வரும்?"

"எர்த் சரியாருக்கான்னு பாத்தியா?"

முகம் அப்படி இருந்தும் சிரித்துவிட்டாள். "உங்களுக்கு எதுன்னாலும் எர்த்து. மிஷினோட பெரிய காந்தம்பா அது. கரண்ட பூஜ்யத்துக்குக் கொண்டாந்த பெறவும் சுருளுக்குள்ள கொஞ்சம் காந்தம் சிக்கிட்டு நிக்கும். திரையில வாரது நாம அனுப்புன கரண்டோட கணக்கு, உள்ள நெசமா இருக்க காந்தம் இல்ல. மானே, ஞாபகம் வச்சிருந்தது படலம் இல்ல. மிஷினு."

மெதுவாகத்தான் முழுசும் வந்தது. அவர்கள் வெறும் சில்லை அளக்காமல் விட்டவர்கள் இல்லை. முதல் வருடமே அளந்தார்கள், பழைய மிஷினில். ஒரே பள்ளம் வந்தது. பிறகு அது பழுதாகி, டெண்டர், கையெழுத்து, திரும்ப டெண்டர் என்று இழுத்து, பெரிய காந்தத்தோடு புது மிஷின் வந்தது. பூசிய சில்லுகளை எல்லாம் புதியதில் வைத்தார்கள். வெறும் சில்லுக்குத்தான் விடை ஏற்கெனவே தெரியுமே, தெரிந்த விடைக்குப் போய் யார் முறையைச் செலவழிப்பார்கள்? அங்கேதான் எல்லோரும் சறுக்கியிருந்தார்கள். பள்ளம் தப்பான பக்கம் வந்ததற்கும் அதுவே காரணம். சிக்கி நிற்கிற காந்தம் அந்தப் பக்கம்தான் தள்ளுமாம்.

பேச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "சவத்த விடு. யாரு போயி வெறும் சில்ல வச்சுப் பாக்கப்போறா? நீ பாக்காம இருந்திருந்தா?"

"பாத்துட்டனேம்மா."

"ஊருல எல்லாத்துக்கிட்டயும் சொல்லியாச்சு, எம் மக ஜெர்மனி போறான்னு."

"நீங்கதான சொன்னிய. நானா சொன்னேன்?"

ரயில் ஒன்று போனது. மூன்று பேரும் நிறுத்தினோம். போன பிறகு யாரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை.

எனக்கு இரண்டு மனசு என்று சொல்வதும் பொய். ஒரே மனசுதான், அது களைத்துப் போயிருந்தது. இவள் கரையேறிவிட்டால் வேலையை முடித்துக்கொண்டு எங்கேயாவது போய்க் காலை நீட்டலாம் என்று, எங்கே என்றுகூட யோசிக்காமல், நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருப்பு. அவளும் களைத்துத்தான் இருந்தாள், என்னைவிட முப்பது வயது முன்னாலேயே.

"சாயங்காலம் சார் வீட்டுக்குப் போகணும்லா" என்றேன். "இன்னைக்கே சொல்லணுமா? நல்ல நாளு. நாளைக்குச் சொல்லிக்கிடலாமே."

"நாளைக்குச் சொன்னா, இன்னைக்கு அவரு தலையில கை வச்சுத் தாரது திருட்டு ஆசீர்வாதம்பா."

இப்படி ஒரு சொல் வேறு யார் வாயிலிருந்தாவது வந்திருந்தால், நாலு நாளைக்கு எல்லோரிடமும் சொல்லித் திரிந்திருப்பேன்.

பேச்சி முழங்கால் வலி என்று வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரை ஓரமாக நடந்தே போனோம். பந்தல் மூங்கில்களை அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "சார் கெட்டவரு இல்லப்பா" என்று அவள் பாதி வழியில் சொன்னாள். "ஆனா அவருக்கு இது கடைசிப் பெரிய கட்டுரை. அடுத்த வருசம் ரிட்டயர்மென்ட்."

5

கூடத்தில் பேச்சு ஜெர்மனியின் குளிர், அங்கே மீன் கிடைக்குமா என்று போய்க்கொண்டிருந்தது. சார் கரை போட்ட வேட்டியும் பட்டு ஜிப்பாவுமாக மாப்பிள்ளை மாதிரி இருந்தார். இசக்கி இன்னும் அவர் காலைத் தொடவில்லை. வந்ததும் தொட வேண்டியது. அவர் அண்ணன் அதைக் கவனித்து, "என்ன ஈஷா, ஜெர்மனி போறவங்க பிரணாம் பண்ணமாட்டாங்களோ?" என்று கிண்டல் செய்தார்.

இசக்கி எழுந்தாள். "சார், ரெண்டு நிமிஷம், பால்கனிக்கு வரமுடியுமா?"

சார் என்னையும் பார்த்து, வாங்க என்று தலையசைத்தார். கல்யாண விஷயம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

அவள் சொன்னது வங்காளத்தில். வேகமாகச் சொல்லவில்லை. பாதி எனக்குப் புரியாது என்றாலும், அவர் முகத்தைப் பார்த்தே எந்த இடத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தது. முதலில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு கேள்விகள். காந்தத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோனாய், எவ்வளவு வேகத்தில், வேறு சில்லை வைத்துப் பார்த்தாயா. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரே வரியில் பதில் சொன்னாள். கடைசியாக அவர் ஒன்று கேட்டார். அவள், "காந்தத்தைக் கொஞ்ச தூரம் மட்டும் கொண்டுபோய்த் திரும்பினா பள்ளங்கள் கிட்டக்கிட்ட வருது, சார். ஏத்துற அளவுக்குத்தான் மிஷின்ல காந்தம் சிக்குது" என்றாள். அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும்."

என் பக்கம் திரும்பினார். இப்போது ஏதாவது சொல்வார், ஸ்வாமிதா, பெண்ணுக்கு நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதா என்பார், நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒரு நொடிக்குள் ஏதேதோ ஓடியது.

"நீங்க இவகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"எர்த் சரியா இருக்கான்னு பாக்கச் சொன்னேன்" என்றேன், என் ஓட்டை வங்காளத்தில்.

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். சிரிப்பு மாதிரிதான் தொடங்கியது; முடிந்தபோது வேறு மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி, லுச்சி, மைதாப் பூரி, ஆறுகிறது என்று கூப்பிட்டார்.

"பள்ளம் தப்பான பக்கம் வருதேன்னு அன்னைக்கே நீ கேட்டே" என்றார் இசக்கியிடம்.

"ஆமா சார்."

"நான்தான் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னேன்."

"நல்லா இருந்துது சார், விளக்கம்" என்றாள். கிண்டலில்லை, உண்மையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் கை அவள் தலைக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"லேப் சாவி உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

கூடத்துக்குள் போனார். நாங்கள் பின்னால் போனோம். மனைவி லுச்சித் தட்டோடு நின்றார். அந்த ஓய்வு பெற்ற பேராசிரியர், "எங்க கிளம்பிட்டே, பிஜோயாவும் அதுவுமா?" என்றார்.

"சால்ட் லேக்குக்கு. கொஞ்சம் முன்னாடி பெருமையா ஒண்ணு சொன்னேனே, அது தப்பு. என்னோட தப்பு. இவ கண்டுபிடிச்சிருக்கா. போய்ப் பாத்துட்டு, இன்னைக்கே கட்டுரையை ஏத்துக்கிட்டவங்களுக்கு எழுதணும்" என்றார். உடை மாற்றவில்லை. கதவருகே செருப்பில் காலை நுழைத்தார். வேட்டிக் கொசுவத்தின் நுனியை, இங்கத்து ஆண்கள் செய்வதுபோல, எடுத்து ஜிப்பாப் பைக்குள் செருகிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் படியிறங்கினார்.